ராடு ஒட்டினால், பீடு கழன்றால்: ஆர்க் வெல்டிங் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

வெல்டிங் பழகுகிறவர்கள் கொண்டுவந்து காட்டும் துண்டுகளில் திரும்பத் திரும்ப அதே சில கோளாறுகள்தாம் இருக்கின்றன. அதைவிட மாறாத ஒன்றும் உண்டு: அவர்களில் பெரும்பாலோர் முதலில் ஆம்பியர் குமிழைத்தான் திருகியிருப்பார்கள். ராடு (பூச்சுள்ள வெல்டிங் கம்பி) ஒட்டினாலும் ஓட்டை விழுந்தாலும் துளை வந்தாலும் குமிழ்தான். பல நேரம் கோளாறு எர்த் கிளாம்பிலோ (மெஷினின் கேபிளை வேலையோடு இணைக்கும் பிடி) ராடு பாக்கெட்டிலோ மணிக்கட்டிலோ இருக்கும். குமிழைத் திருகியதால் அதன்மேல் இரண்டாவது கோளாறும் சேர்ந்திருக்கும்.

இங்கே சொல்வதெல்லாம் ராடு கொண்டு செய்யும் ஆர்க் வெல்டிங்கிற்கும் சாதாரண மைல்டு ஸ்டீலுக்கும். மிக், டிக் முறைகளின் கோளாறுகள் வேறு.

## எதையும் தொடுமுன்: கையை மாற்றிப் பாருங்கள்

கோளாறு மெஷினிலா, ராடிலா, கையிலா என்று பிரிக்க ஒரு சோதனை போதும். கைதேர்ந்த ஒருவரை அழைத்து, உங்கள் மெஷினில், உங்கள் ராடில், நீங்கள் வைத்த ஆம்பியரிலேயே ஒரு கை நீளத்திற்கு ஓட்டித் தரச் சொல்லுங்கள்.

அவருக்கும் அதே கோளாறு வருகிறது: மெஷின், கேபிள், ராடு, இரும்பு ஆகியவற்றில் ஒன்று. கீழே உங்கள் அறிகுறிக்கான தலைப்புக்குப் போங்கள்.

அவருக்கு நன்றாக வருகிறது: கைதான். இப்போது பீடை (உருகி உறைந்த வெல்டிங் வரியை) பார்த்துக்கொண்டிருக்காமல் அவரைப் பாருங்கள். இன்னொரு முகக்கவசம் போட்டுக்கொண்டு பக்கவாட்டில் நில்லுங்கள். முழங்கையை எங்கே ஊன்றுகிறார், ராடு தேயத் தேயக் கையை எப்படிக் கீழிறக்குகிறார், கேபிளைத் தோளில் போட்டுக்கொண்டாரா, ஆரம்பிக்குமுன் ஆர்க் இல்லாமல் ஒருமுறை கையை ஓட்டிப் பார்த்தாரா என்று கவனியுங்கள். இவற்றை அவரிடம் கேட்டால் பதில் வராது. ‘சும்மா அப்படியே ஓட்ட வேண்டியதுதான்’ என்பார். பொய்யில்லை, கை செய்வது அவருக்கே தெரியாது.

அவர் பிடித்ததும் குமிழைத் திருகுகிறார்: திருகட்டும். எத்தனையிலிருந்து எத்தனைக்கு என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பட்டறையில் அனுபவமுள்ள பெரியவரிடம் துண்டைக் கொண்டுபோய் ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால் ‘பரவாயில்லை’ என்ற பதில்தான் கிடைக்கும். துண்டின்மேலேயே ராடு எண், கனம், ஆம்பியர், எந்தப் பக்கம் தொடங்கியது என்று சாக்கட்டியால் எழுதி, பீடை உடைத்து, உடைந்த பக்கம் தெரியும்படி கொண்டுபோங்கள். அப்போது பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

## ராடு ஒட்டிக்கொள்கிறது

ஒட்டியதும் ஹோல்டரை (ராடைக் கவ்வும் கைப்பிடியை) பக்கவாட்டில் திருகி இழுங்கள். வராவிட்டால் ஹோல்டர் பிடியை அழுத்தி ராடை விட்டுவிடுங்கள். முகக்கவசத்தை அதற்குள் தூக்க வேண்டாம். விடுபடும் நொடியில் ஆர்க் பளிச்சிடும்.

முதல் தொடுதலிலேயே ஒட்டுகிறது. எர்த் கிளாம்பைப் பாருங்கள். பெயின்ட்டின் மேலோ துருவின் மேலோ கடித்திருந்தால் வேறெதையும் பார்க்காதீர்கள். கட்டைவிரல் அகலத்திற்குக் கிரைண்டரால் பளபளப்பாக்கி அங்கே கடிக்க விடுங்கள். மேசையில் கிளாம்பை மாட்டி, மேசைமேல் வேலையை வைத்திருந்தால், இரண்டுக்கும் நடுவே இருக்கும் கசடும் (ராடின் பூச்சு உருகி உறைந்த ஓடு) துகளும் கூடத் தடைதான். அடுத்து ராடின் நுனி. பாதி எரிந்த ராடின் நுனியில் கசடு மூடியிருக்கும், குறிப்பாக 7018 என்ற வகை ராடில். காங்கிரீட்டிலோ அரத்திலோ லேசாகத் தட்டிக் கம்பி தெரியச் செய்யுங்கள். அதன் பிறகுதான் கை: குத்தாமல், உரசி எடுங்கள்.

ஆர்க் பிடித்துச் சற்று ஓடியதும் ஒட்டுகிறது. இப்போது ஆம்பியரைப் பார்க்கலாம். 6013 என்ற வகை ராடில் 2.5 மில்லிமீட்டர் கனத்துக்குச் சுமார் 60 முதல் 90, 3.15க்குச் சுமார் 90 முதல் 130. சரியான எல்லை பாக்கெட்டின்மேல் அச்சிட்டிருக்கும். அந்த எல்லைக்குள் இருந்தும் ஒட்டினால், மெஷின் காட்டும் ஆம்பியர் ராடுக்கு வந்து சேரவில்லை என்று பொருள். இரண்டு ராடு எரித்துவிட்டு, மெஷினை அணைத்து, பிளக், எக்ஸ்டென்ஷன் கேபிள், ஹோல்டர் கழுத்து, கிளாம்ப் என்று ஒவ்வொரு இணைப்பையும் எச்சரிக்கையோடு தொட்டுப் பாருங்கள். மற்றவற்றைவிடச் சூடான இடம்தான் கோளாறு உள்ள இடம். மெல்லிய, நீளமான எக்ஸ்டென்ஷன் கேபிள் அடிக்கடி அகப்படும் குற்றவாளி. சுருளாகவே வைத்து ஓட்டினால் உருகவும் செய்யும்.

6013 நன்றாக ஓடுகிறது, 7018 மட்டும் ஒட்டுகிறது. பழைய ஏ.சி. டிரான்ஸ்ஃபார்மராக இருந்தால் மெஷினின் பெயர்ப் பலகையில் திறந்த சுற்று மின்னழுத்தத்தை (ஆர்க் எரியாதபோது மெஷின் தரும் வோல்ட்டை) பாருங்கள். 70 வோல்ட் அளவுக்கு இல்லையென்றால் 7018 அதில் அடம்பிடிக்கும். டி.சி. மெஷினில் என்றால் ஹோல்டர் பாசிட்டிவில் இருக்கிறதா என்று பாருங்கள்.

எப்போது மெக்கானிக்கை அழைப்பது: வேறொரு மெஷின் அதே பிளக்கில், அதே கேபிளில் ஒழுங்காக ஓடினால். இன்வெர்ட்டர் வகை வெல்டிங் மெஷினின் மூடியை நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் மின்னூட்டம் தங்கியிருக்கும்.

மெஷின் நடுவில் தானாக நின்று மஞ்சள் விளக்கு எரிந்தால் அது பழுதில்லை. 60 சதவீத டியூட்டி சைக்கிள் என்றால், அந்த ஆம்பியரில் பத்து நிமிடத்திற்கு ஆறு நிமிடம்தான் ஓடும். அணைக்காமல் விசிறியை ஓட விட்டுக் காத்திருங்கள்.

## ஆர்க் ஒரு பக்கமாக இழுக்கிறது

ராடை ஹோல்டரில் அரைச் சுற்றுத் திருப்பி மாட்டி மறுபடி ஓட்டுங்கள்.

இழுக்கும் பக்கமும் மாறிவிட்டது: ராடின் பூச்சு ஒரு பக்கம் கனமாக இருக்கிறது. வேறு ராடு எடுங்கள். பாக்கெட் முழுவதும் அப்படியென்றால் பாக்கெட்டையே ஒதுக்குங்கள்.

அதே பக்கம்தான் இழுக்கிறது: டி.சி.யில் காந்தப்புலம் செய்யும் வேலை. மூலைகளிலும் ஜாயின்ட்டின் இரு முனைகளிலும் அதிகம் தெரியும். முதலில் ஆர்க்கைக் குறுக்குங்கள். போகவில்லையென்றால் எர்த் கிளாம்பை மறுமுனைக்கு மாற்றுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஆம்பியரைச் சற்றுக் குறையுங்கள், மெஷினில் ஏ.சி. இருந்து ராடும் ஏற்குமானால் அதற்கு மாறுங்கள், இழுப்பு பெரும்பாலும் நின்றுவிடும். புதிதாகப் பழகுகிறவர்கள் இதைத் தங்கள் கை நடுக்கம் என்று நினைத்துக்கொண்டு மணிக்கணக்கில் போராடுவதைப் பார்த்திருக்கிறேன்.

## ஊசித்துளைகள்

துளை எங்கே இருக்கிறது என்பதே பாதி விடை.

தொடக்கத்தில் மட்டும்: 7018இல் வழக்கமானது. பீடு தொடங்க வேண்டிய இடத்திற்கு ஒரு விரலளவு முன்னே, ஜாயின்ட்டுக்குள்ளேயே ஆர்க்கைப் பிடித்து, பின்னே தொடக்கத்திற்கு வந்து, பிறகு முன்னேறுங்கள். ஆர்க் பிடித்த இடம் பீடுக்கு அடியில் மறுபடி உருகிவிடும்.

முழு நீளத்திற்கும்: முதலில் இரும்பின் மேற்பரப்பு. பெயின்ட், எண்ணெய், துரு எல்லாவற்றையும் ஜாயின்ட்டின் இருபுறமும் ஓர் அங்குலமாவது நீக்குங்கள். எண்ணெயைத் துடைக்கக் குளோரின் கலந்த பிரேக் கிளீனரை மட்டும் தொடாதீர்கள். அதன் ஆவி ஆர்க்கின் வெப்பத்திலும் புற ஊதா ஒளியிலும் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும். துத்தநாகம் பூசிய குழாயென்றால் பூச்சை உள்ளும் புறமும் முடிந்தவரை அரைத்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யுங்கள்.

இரண்டாவதாக ஆர்க் நீளம். ராடின் உள்கம்பி எவ்வளவு கனமோ ஏறக்குறைய அவ்வளவு இடைவெளி போதும். 7018இல் அதைவிடவும் நெருக்கம். சத்தமே சொல்லிவிடும்: எண்ணெயில் பொரிவது போன்ற சீரான ஒலி இருந்தால் சரி. விட்டுவிட்டுச் சீறினால் நீளம்.

மூன்றாவது ஈரம். புதுப் பாக்கெட்டிலிருந்து ஒரு ராடு எடுத்துப் பக்கத்திலேயே ஓட்டிப் பாருங்கள். அதில் துளை இல்லையென்றால் பழைய ராடுதான் காரணம். பூச்சில் வெள்ளைப் பூ பூத்திருந்தாலோ உள்கம்பி துருவேறியிருந்தாலோ தூக்கி எறியுங்கள். மற்றபடி 6013ஐச் சுமார் 100 முதல் 120 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் காயவைக்கலாம். 7018க்கு 300 முதல் 350 டிகிரி வரை வேண்டும். வெயிலில் காயவைத்தால் ஆகாது. 6010, 6011 ராடுகளை அடுப்பில் வைக்கவே கூடாது. அவற்றின் பூச்சில் ஓரளவு ஈரம் இருந்தால்தான் அவை ஒழுங்காக எரியும். எல்லா ராடையும் ஒரே அடுப்பில் போட்டுக் காயவைக்கும் பழக்கத்தால் நல்ல ராடு கெடுவதும் நடக்கிறது.

கடைசியில் மட்டும்: ஆர்க்கைச் சட்டென்று தூக்கிவிடுகிறீர்கள். முடிவில் ஒரு கணம் நின்று பள்ளத்தை நிரப்பிவிட்டு, வந்த வழியே சற்றுப் பின்னே வந்து எடுங்கள்.

துளை விழுந்த பீடின்மேல் இன்னொரு பீடு ஓட்டி மூடுவது சரிசெய்தல் ஆகாது. அரைத்து எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள். அழுத்தத்தில் இருக்கும் குழாய், பாய்லர், எரிவாயு வழி இவற்றில் ஒரு துளை கண்டாலும் சான்று பெற்ற வெல்டரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

## பீடு அழகாக இருக்கிறது, சுத்தியால் அடித்தால் கழன்று வருகிறது

இருப்பதிலேயே மோசமான கோளாறு இதுதான், கண்ணுக்குத் தெரியாததால். மற்றவை அசிங்கமாக இருந்து காட்டிக்கொடுத்துவிடும். உலோகம் உருகி இரும்பின்மேல் படிந்திருக்கும். இரும்பு மட்டும் உருகியிருக்காது.

உடைத்துப் பார்க்காமல் இதைப் பிடிக்க முடியாது. 6 மில்லிமீட்டர் பிளேட் துண்டு ஒன்றின்மேல் இன்னொன்றைச் செங்குத்தாக நிறுத்தி, ஒரே ஒரு பக்கம் மட்டும் பீடு போடுங்கள். நன்றாக ஆறியதும் வைஸில் இறுக்கி, நிற்கும் பிளேட்டைப் பீடு இருக்கும் பக்கமாகவே சாயும்படி அடியுங்கள். அடிவேர் வாய் திறந்து உடையும். உடைந்த முகத்தைப் படியுங்கள்:

சாம்பல் நிறத்தில், சொரசொரப்பாக, முழு நீளத்திற்கும் பீடின் குறுக்கே கிழிந்திருந்தால் நல்ல பற்று.

மூலையில் பிளேட்டின் பழைய விளிம்பு, வெட்டியபோது இருந்த கூர்மையோடு நேர்கோடாக அப்படியே தெரிந்தால், அங்கே உருகவே இல்லை.

கறுத்த, கண்ணாடி போன்ற கோடு ஓடினால் கசடு சிக்கியிருக்கிறது.

விளிம்பு உருகவில்லை என்றால்: செலவில்லாத காரணத்திலிருந்து வாருங்கள். ராடின் சாய்வு ஒரு பிளேட்டின் பக்கம் அதிகமாக இருக்கிறதா? டி ஜாயின்ட்டில் இரண்டுக்கும் நடுவே 45 டிகிரி. பிளேட்டுகளின் கனம் வேறுபட்டால் ஆர்க்கைக் கனமான பக்கம் சற்று அதிகம் காட்டுங்கள். ஆம்பியர் எல்லையின் அடிமட்டத்தில் இருக்கிறதா? ஐந்தைந்தாக ஏற்றிப் பாருங்கள். ராடு மூலைக்குள் போக முடியாத அளவுக்குத் தடிமனா? கனமான பிளேட்டை முட்டவைத்து இடைவெளியும் விளிம்புச் சாய்வும் இல்லாமல் மேலே மட்டும் ஓட்டினீர்களா? அப்படியானால் எந்த ஆம்பியரும் காப்பாற்றாது, கிரைண்டரை எடுங்கள்.

கசடு சிக்கியிருந்தால்: முந்தைய பீடின் கசடை முழுவதும் தட்டாமல், வயர் பிரஷ் போடாமல் அடுத்ததை ஓட்டியிருக்கலாம். இல்லையென்றால் கசடு உங்களை முந்துகிறது. ராடைப் போகும் திசையில் 10 முதல் 15 டிகிரி சாய்த்து, பின்னே இழுத்துக்கொண்டு வாருங்கள், தள்ளாதீர்கள்.

கண் எங்கே இருக்க வேண்டும் என்பதைப் பெரியவரிடம் நேரில் கற்க வேண்டும். புதிதாக வந்தவர் ஆர்க்கின் வெளிச்சத்தைப் பார்ப்பார். பழகியவர் அதற்குச் சற்றுப் பின்னே உலோகக் குழம்பின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருப்பார்: இரண்டு பிளேட்டையும் தொட்டு நனைத்துவிட்டதா, கசடு எந்த இடத்தில் நிற்கிறது என்று. உருகிய உலோகமும் உருகிய கசடும் ஒரே மாதிரி ஒளிர்வதில்லை. ஆனால் அந்த வேறுபாட்டை எழுத்தில் பிடிக்க முடியவில்லை. யாராவது பக்கத்தில் நின்று, ஓட்டிக்கொண்டே ‘இதோ, இது கசடு, இதோ, இது இரும்பு’ என்று சொன்னால் ஒரே ராடில் புரிந்துவிடும். கேட்பதானால் இதைக் கேளுங்கள்.

வேகத்தை ஆறிய பீடிலேயே படிக்கலாம். அலைவரிகள் அரைவட்டமாக இருந்தால் சரி. அம்பு முனை போல் கூராக நீண்டிருந்தால் ஓடிவிட்டீர்கள். பீடு கயிறாகத் திரண்டு மேலே நின்றால் ஆம்பியர் குறைவு.

எப்போது ஒதுங்குவது: மூன்று நான்கு துண்டுகள் தொடர்ந்து நல்ல முகத்தோடு உடையும்வரை, மேலே ஆள் நிற்கும் படிக்கட்டு, பளு தூக்கும் கொக்கி, வாகனத்தின் சேசிஸ் எதையும் தொடாதீர்கள். சேசிஸை அதன் பிறகும் அந்த வேலைக்கென்று இருப்பவரிடம் விடுவதே நல்லது.

## பீடின் ஓரத்தில் பள்ளம் அரிக்கிறது

அண்டர்கட். நகத்தைக் குறுக்கே இழுத்தால் தட்டும். டி ஜாயின்ட்டில் பெரும்பாலும் மேல் பிளேட்டில் விழும். ஆர்க் நீளத்தைக் குறையுங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே போய்விடும். இல்லையென்றால் ராடு மேல் பிளேட்டின் பக்கம் அதிகம் காட்டுகிறதா என்று பாருங்கள். அசைத்து ஓட்டுகிறவர்கள் இரு ஓரத்திலும் ஒரு கணம் நின்று நிரப்ப வேண்டும். நடுவில் நிற்க வேண்டாம். இத்தனைக்கும் பிறகு ஆம்பியரைக் குறையுங்கள். ஆடும், அதிரும், பளு ஏறி இறங்கும் இடத்தில் இந்தப் பள்ளத்திலிருந்துதான் விரிசல் கிளம்பும். அங்கே மெல்லிய ராடால் நிரப்பியே ஆக வேண்டும்.

## செங்குத்தில் ஓட்டும்போது உலோகம் வழிகிறது

கிடைமட்டத்தில் வைத்த ஆம்பியரை அப்படியே வைத்திருப்பீர்கள். பத்து, பதினைந்து சதவீதம் இறக்குங்கள். பிறகும் வழிந்தால் நடுவில் தாமதிக்கிறீர்கள்: ஓரம், நிறுத்து, வேகமாகக் குறுக்கே, மறு ஓரம், நிறுத்து. கீழே முதலில் ஒரு சிறு திட்டு கட்டிக்கொண்டு அதன்மேல் ஒவ்வோர் அடுக்காக ஏறுங்கள். மேலிருந்து கீழே இழுத்தால் சுலபமாகவும் அழகாகவும் வரும். மெல்லிய தகட்டுக்கு அது சரி. கனமான பிளேட்டில் சாதாரண 6013ஐ அப்படி ஓட்டினால் முன்பு சொன்ன கழலும் பீடுதான் கிடைக்கும்.

## ஓட்டை விழுகிறது, தகடு வளைகிறது

இரண்டும் சூடு மிகுந்ததன் விளைவு. 2 மில்லிமீட்டருக்குக் குறைந்த தகட்டில் 3.15 ராடைப் பிடிவாதமாக ஓட்டாதீர்கள், 2.5 அல்லது 2 எடுங்கள். இடைவெளி இல்லாமல் பொருத்துங்கள். தொடர்ந்து ஓட்டாமல் சிறுசிறு துண்டாகப் போட்டு ஆறவிடுங்கள். பின்னால் ஒரு செம்புப் பட்டையை அணைத்து வைத்தால் சூட்டை இழுத்துக்கொள்ளும், பீடு அதில் ஒட்டவும் செய்யாது. வளைவுக்கு: முழு ஜாயின்ட்டுக்கும் முதலில் டேக் (ஆங்காங்கே சிறு பொட்டாகப் பற்றவைப்பது), பிறகு எதிரெதிர் பக்கம் மாறி மாறி. சட்டத்தின் மூலையை ஒரே மூச்சில் முடித்துவிட்டுப் பிறகு மூலைமட்டம் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை.

## விரிசல்

பீடின் முடிவுப் பள்ளத்தில் நட்சத்திரமாக: பள்ளத்தை நிரப்பாமல் எடுத்ததால். அரைத்துவிட்டு நிரப்புங்கள்.

பீடின் நடுவே நீளவாக்கில்: இறுக்கிப் பிடித்த ஜாயின்ட்டில் மெலிந்த, குழிந்த பீடு. முழுவதும் அரைத்தெடுத்து, சற்றே புடைத்த பீடாகப் போடுங்கள்.

பீடுக்குப் பக்கத்தில் இரும்பிலேயே, சில மணி நேரமோ ஒரு நாளோ கழித்து: இங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். ஸ்பிரிங், ஷாஃப்ட், ஏதோ பழைய இயந்திரத்திலிருந்து வந்த இரும்பு என்று கடினமாகும் எஃகில், ஈரமான ராடிலிருந்து வந்த ஹைட்ரஜன் இப்படி வெடிக்கவைக்கும். பீடுக்கு அருகே அரத்தால் தேய்த்தால் கடிக்காமல் வழுக்கும். முன்சூடு எத்தனை டிகிரி, எந்த ராடு, எப்படி ஆறவைப்பது என்பதெல்லாம் இரும்பின் வகையைப் பொறுத்தது. வகை தெரியாமல் முயன்றால் இன்னும் நீளமாக வெடிக்கும். வார்ப்பிரும்புக்கும் இதுவே.

## கண்ணில் மணல் விழுந்தது போல் உறுத்துகிறது, உடல் குளிர்கிறது

உறுத்தல் வேலையின்போது வராது. பல மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில் வரும். கண்ணைக் கசக்காதீர்கள். பட்டறையில் யாரோ வைத்திருக்கும் மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தை வாங்கி விட்டுக்கொள்ளாதீர்கள். கண் மருத்துவரிடம் போங்கள். அடுத்த நாள் முகக்கவசத்தின் கண்ணாடியைப் பாருங்கள்: கீறலோ வெடிப்போ இருந்தால் மாற்றுங்கள். 100 ஆம்பியர் வாக்கில் வேலை செய்ய 10ஆம் எண் கறுப்புக் கண்ணாடி வழக்கம். வேடிக்கை பார்க்க நிற்பவருக்கும் இது வரும்.

துத்தநாகம் பூசிய இரும்பில் வேலை செய்த மாலையில் குளிரும் காய்ச்சலும் உடல் வலியும் வந்தால் அது புகையால் வந்த காய்ச்சலாக இருக்கலாம். வழக்கமாக ஓரிரு நாளில் தணியும். மூச்சு இறுக்கினால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். என்ன இரும்பில் வேலை செய்தீர்கள், எந்தக் கிளீனரால் துடைத்தீர்கள் என்பதையும் அங்கே சொல்லுங்கள்.